பங்காளி இல்லாத சிங்கம்

நார்த்தாமலையில் மேலமலைக்கு ஏறினால், விசயாலய சோழீச்சரத்துக்கு எதிரே பாறையைக் குடைந்து எடுத்த திருமால் குகை ஒன்று இருக்கிறது. அதன் முன்னே உள்ள மேடையின் அடிப்பகுதியில் யானைகளும் யாளிகளும் வரிசை பிடித்துப் போகின்றன. புதுக்கோட்டைக்காரர்களுக்கு யாளி புதிதில்லை. குடுமியான்மலையிலும் ஆவுடையார்கோயிலிலும் பார்த்து வளர்ந்தவர்கள் நாங்கள். போன ஆடியில் என் மச்சான், மனைவியின் அண்ணன், அந்த மேடையின் முன்னால் குந்தி உட்கார்ந்து ஒரு யாளியின் பிடரியைத் தடவியபடி கேட்டார்: “மாப்ள, இதச் செதுக்குனவன் சிங்கத்தப் பாத்திருப்பானா?”

பார்த்திருக்க வழியில்லை. நர்மதைக்குத் தெற்கே சிங்கம் வாழ்ந்ததற்கு உறுதியான சான்று கிடையாது. வாய்வழி வந்த வடிவம், கை வழி வந்த வடிவம். சொன்னேன். மச்சான் தலையை ஆட்டிவிட்டு அந்த யாளியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அவர் கந்தர்வகோட்டைப் பக்கம் ஜல்லிக்கட்டுக் காளை வளர்க்கிறவர். ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். அந்த வாரம் செய்தித்தாளில் வந்த ஒரு விஷயம் அவரை உலுக்கியிருந்தது. குஜராத்தின் கிர் காட்டில் ஜெய், வீரு என்று ‘ஷோலே’ படத்துப் பெயர்களால் அழைக்கப்பட்ட இரண்டு ஆண் சிங்கங்கள். பல ஆண்டுகள் சேர்ந்தே திரிந்தவை, சேர்ந்தே எல்லை காத்தவை. 2025 ஜூனில் வீரு செத்தது. ஜூலை கடைசியில் ஜெய்யும் போய்விட்டது. இரண்டும் எல்லைச் சண்டையில் பட்ட காயத்தால் விழுந்தவை. அடிபட்ட நேரத்தில் ஒன்றுக்கொன்று பக்கத்தில் இல்லை என்று செய்தி சொன்னது. “உழவு மாட்டு ஜோடில ஒண்ணு போயிட்டா இன்னொண்ணு தீனி எடுக்காது மாப்ள. நான் கண்ணால பாத்திருக்கேன்” என்றார்.

எனக்கு வேறொரு கேள்வி. அந்த இரண்டையும் அடித்தவர்கள் யார்? எல்லை இல்லாத, வீடு இல்லாத, கிர் முழுக்க அலைகிற இளம் ஆண்கள். நாடோடிச் சிங்கங்கள். அவற்றின் கதையை யாரும் பெயர் வைத்து எழுதுவதில்லை. அவற்றைத் தேடித்தான் டிசம்பரில் கிளம்பினோம்.

மதுரையில் நள்ளிரவுக்குப் பிறகு வரும் இராமேசுவரம் – ஓகா ரயில். மூன்றாம் இரவு கழிந்து விடியும் முன்னே ராஜ்கோட். அங்கிருந்து பேருந்தில் ஜூனாகத்.

ஜூனாகத்தில் ஒருநாள் நின்றதற்குக் காரணம் கிர்னார் மலையடிவாரத்து அசோகன் பாறை. கொட்டகைக்குள் யானை படுத்தாற்போல் கிடக்கிறது அந்தப் பாறை. அதில் வெட்டியிருக்கும் இரண்டாம் கட்டளையில் சோழரும் பாண்டியரும் வருகிறார்கள். தன் நாட்டிலும், தெற்கே சோழ பாண்டிய நாடுகளிலும், மனிதருக்கு ஒன்று, விலங்குக்கு ஒன்று என இருவகை மருத்துவத்துக்கும் வழி செய்ததாக அசோகன் அதில் சொல்கிறான். மூலிகை நட்டதையும் வழியோரம் கிணறு வெட்டியதையும் சொல்கிறான். 2,200 ஆண்டுகளுக்கு மேலான எழுத்து. சிங்கத்துக்கு மயக்க ஊசி போட்டுப் புண் கழுவுகிற ஊரின் வாசலில் அது இருக்கிறது. பாறையை விட்டு நகர எனக்கு மனம் வரவில்லை. மச்சான்தான் பேருந்து நேரத்தை நினைவுபடுத்தினார்.

நாங்கள் போய்ச் சேர்ந்த, கிர் காட்டோரத்துச் சாசண் சின்ன ஊர். தேக்கு மரங்கள் டிசம்பரில் இலை உதிர்த்துக்கொண்டிருந்தன. எங்கள் பக்கத்து முந்திரிக் காட்டுக்கும் தைல மரத்துக்கும் பழகிய கண்ணுக்கு அந்தக் காடு வெளிச்சமாக, புழுதி நிறமாகத் தெரிந்தது. அனுமதிச் சீட்டு வாங்கித் திறந்த ஜீப்பில் காலையில் போனோம். வழிகாட்டியாக வந்த இளைஞருக்கும் மச்சானுக்கும் இந்தியில் உடனே ஒட்டிக்கொண்டது. ராணுவத்து இந்தி பல வருடம் கழித்தும் அவரிடம் துருப்பிடிக்காமல் இருந்தது.

முதல் ஒன்றரை மணி நேரம் புள்ளிமான், மயில், ஒரு மரநாய். மயிலைப் பார்க்க விராலிமலைக்காரனுக்கு கிர் வரை வரவேண்டியதில்லை. பிறகு ஒரு வளைவில், கையில் கம்போடு நடந்து வந்த கண்காணிப்பாளர் ஒருவர் ஜீப்பை நிறுத்தச் சொல்லிக் கையைத் தாழ்த்திக் காட்டினார். காய்ந்த ஓடையின் அக்கரையில், கருவேல நிழலில் ஒரு ஆண் சிங்கம் படுத்திருந்தது.

தனியாக. நாலு வயது இருக்கும் என்றார்கள். பிடரி இன்னும் நிறையவில்லை, காது இரண்டும் வெளியே தெரிந்தன. அடிவயிற்றில் தொங்கும் தோல் மடிப்பு, ஆசியச் சிங்கத்தின் அடையாளம், எழுந்தபோது நன்றாகத் தெரிந்தது. எழுந்த விதம்தான் எங்களைக் கூர்ந்து பார்க்க வைத்தது. இடது பின்னங்காலை ஊன்றாமல் தூக்கிக்கொண்டு மூன்று அடி வைத்தது. தொடையில் விரற்கடை அகலக் கீறல். எங்களைப் பார்த்தது. பிறகு நாங்கள் அங்கே இல்லாதது போல் திரும்பப் படுத்துத் தொடையை நக்கத் தொடங்கியது.

கண்காணிப்பாளர் 50 வயதை நெருங்கியவர். தாத்தா காலம் முதல் காட்டுக்குள் எருமை மேய்த்த மால்தாரிக் குடும்பம். சிங்கத்தை அவர் ‘சாவஜ்’ என்கிறார். அந்தச் சொல்லை அவர் சொல்லும்போது சொந்தக்காரர் ஒருவரைக் குறிப்பிடுவது போலிருந்தது. இந்த ஆண் இங்கே வந்து 5 நாள்தான் ஆகிறது என்றார். நக்கும் இடத்தில் புண் இருப்பதால் பயமில்லை, கழுத்திலோ பிடரியிலோ பட்டிருந்தால்தான் நாக்கு எட்டாமல் புழு வைக்கும், அப்போது மருத்துவக் குழுவைக் கூப்பிடுவோம் என்றார்.

“அதே சிங்கம்னு எப்படித் தெரியும்?” மச்சான் கேட்டது அதைத்தான். அவருடைய தொழில் கேள்வி.

காதில் கிழிசல், முகத்தில் தழும்பு, வால் நுனி, எல்லாம் பார்ப்பார்களாம். ஆனால் தழும்பு கூடும், காது மேலும் கிழியும். மாறாதது ஒன்று உண்டு. கன்னத்தில் மீசைமுடி முளைக்கும் புள்ளிகள். அவை வரிசையாக இருக்கும். மேல் வரிசையில் எத்தனை புள்ளி, கீழ் வரிசையின் எந்தப் புள்ளிக்கு நேரே வருகிறது என்பது ஒவ்வொரு சிங்கத்துக்கும் வேறு. சாகும்வரை அப்படியே இருக்கும். ஆப்பிரிக்காவில் செரங்கெட்டி ஆய்வாளர்களும் இதைக்கொண்டுதான் அரை நூற்றாண்டாக ஆள் பிரித்து எழுதிவருகிறார்கள். கண்காணிப்பாளர் கைப்பேசியில் ஒரு கன்னத்தைப் பெரிதாக்கிக் காட்டினார்.

மச்சான் முகம் மலர்ந்துவிட்டது. “சுழி, மாப்ள! சுழியப் பாக்குறாங்க!” மாட்டின் நெற்றியில், திமிலுக்குப் பின்னால், முதுகில் எங்கே மயிர் சுழிக்கிறது என்று பார்த்து ஆயிரம் மாட்டில் ஒரு மாட்டைச் சொல்லிவிடுகிறவர் அவர். தச்சங்குறிச்சி வாடிவாசலில் அவிழ்க்கும் காளையை ஐந்து வருடம் கழித்து வேறொரு தொழுவத்தில் பார்த்தாலும் அடையாளம் சொல்வார். அன்று காலை கிர் காட்டில் அவர் கண்டது வேற்றூர் விலங்கை அல்ல, தனக்குத் தெரிந்த ஒரு படிப்பை.

நாடோடி ஆணின் வாழ்க்கை இப்படித் தொடங்குகிறது. மூன்று வயதை ஒட்டித் தாயின் கூட்டத்தில் அவனுக்கு இடம் இல்லாமல் போகும். தாய் விரட்டலாம், அந்த எல்லையை ஆளும் ஆண்கள் விரட்டலாம். அதன் பிறகு அவன் நடக்கிற தரையெல்லாம் இன்னொருவன் மூத்திரம் பெய்து அடையாளம் வைத்த தரை. சொந்தமாக ஒரு எல்லையைப் பிடிக்கும் வரை ஓரிடத்தில் நிலைக்க முடியாது. அந்த இடைக்காலத்தில்தான் பலர் செத்துப்போகிறார்கள்: சண்டையில், பட்டினியில், கிணற்றில், தண்டவாளத்தில்.

பிழைப்பவர்களில் பெரும்பாலோருக்குக் கூட்டாளி இருப்பான். கூடப்பிறந்தவனோ, வழியில் சேர்ந்தவனோ. ஆங்கிலத்தில் இதற்கு ஆய்வாளர்கள் வைத்திருக்கும் சொல் அரசியல் கூட்டணிக்கும் பொருந்துகிற சொல். எனக்குத் தமிழில் அதைவிடச் சரியான சொல் கிடைத்தது: பங்காளி. சேர்ந்து நின்றால்தான் நிலம் நிலைக்கும். நிலைத்த பிறகு பங்கில் சண்டை வரும். இந்திய வனவிலங்கு நிறுவனத்தைச் சேர்ந்த ஸ்டோத்ரா சக்ரவர்த்தியும் யாத்வேந்திரதேவ் ஜாலாவும் கிர் ஆண்களைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்து 2017இல் வெளியிட்ட ஆய்வு இதை எண்ணிக்கையில் சொல்கிறது. ஜோடியில் ஒருவன் மூத்தவனாக நடந்துகொள்வான். இணை சேரும் வாய்ப்புகளில் 70 சதவீதத்துக்கு மேல் அவனுக்கே போகும், இரையில் இளையவனைவிட 47 சதவீதம் அதிகம் கிடைக்கும். அப்படியிருந்தும் இளையவன் ஏன் பிரிந்து போவதில்லை? தனியாளுக்குக் கிடைப்பது அதைவிடக் குறைவு. எங்கள் ஊரில் பூர்வீக நிலத்தில் குறைந்த பங்கோடு காலம் தள்ளும் தம்பிகளை நினைத்துக்கொண்டேன். வெளியே போனால் என்ன ஆகும் என்பது அவர்களுக்குத் தெரியும்.

கிரில் இன்னொரு வித்தியாசம். ஆப்பிரிக்கப் புல்வெளியில் ஆண்கள் பெண்களின் கூட்டத்தோடு ஒட்டியே இருப்பார்கள். இங்கே பெண்கள் தனிக் கூட்டம், ஆண்கள் தனிக் கூட்டம். இணை சேரும்போதும், பெரிய இரை விழும்போதும் சந்திப்பதோடு சரி. பெண் சிங்கமோ ஒரே எல்லைக்குள் கட்டுப்படாமல் போட்டி ஆண்கள் பலரோடு சேர்கிறது. புதிதாக எல்லை பிடிக்கும் ஆண் பழைய குட்டிகளைக் கொல்வது சிங்கங்களின் வழக்கம். தன் குட்டியாக இருக்கலாம் என்ற ஐயம் ஆணுக்கு இருந்தால் அது தப்பும். அவளுடைய கணக்கு அது. அப்படியானால் நாங்கள் பார்த்த அந்தத் தனியாளுக்கும் ஒரு வாய்ப்பு இருக்கிறதா என்று மச்சான் கேட்டார். கால் ஆறினால் இருக்கிறது என்றார் கண்காணிப்பாளர்.

ஆகவே எல்லாம் காலில் வந்து நிற்கிறது.

அந்த இரண்டு நாளும் அவரோடு பேசியதில் ஒரு சிங்கத்தின் உடம்பை எப்படிப் படிப்பது என்று கொஞ்சம் தெரிந்துகொண்டோம். வயிறு ஒட்டியிருக்கிறதா, தொங்குகிறதா என்று முதலில் பார்ப்பார்கள். நடை சீராக இருக்கிறதா? கண்ணில் பீளை கட்டியிருக்கிறதா, மூக்கு ஒழுகுகிறதா? காது மடலில் உண்ணி எவ்வளவு? இரை பக்கத்தில் கிடந்தும் தின்னாமல் படுத்திருக்கிறதா? கண்ணும் மூக்கும் ஒழுகி, தள்ளாடி, வலிப்பு வந்தால் நெஞ்சு பதறும் என்றார். அந்தப் பதற்றத்துக்கு ஓர் ஆண்டு உண்டு: 2018.

அந்த செப்டம்பரில் கிர் கிழக்குப் பிரிவில் தல்கானியா சரகத்தில் சிங்கங்கள் ஒன்றன்பின் ஒன்றாகச் செத்தன. மூன்று வாரத்துக்குள் 23. சண்டை என்று முதலில் பேசப்பட்டது. புனேயில் உள்ள தேசிய நச்சுயிரியல் நிறுவனத்துப் பரிசோதனையில் நாய்களுக்கு வரும் டிஸ்டெம்பர் கிருமி தெரிந்தது. உண்ணி வழியாகப் பரவி ரத்தத்தைக் கெடுக்கும் பபேசியாவும் சில உடல்களில் இருந்தது. அமெரிக்காவிலிருந்து தடுப்பு மருந்து வந்தது. அக்கம்பக்கத்துச் சிங்கங்களைப் பிடித்துத் தனியே வைத்தார்கள். ஊர் நாய்களுக்கும் ஊசி போட்டார்கள். நோய் அங்கேயே நின்றது.

நின்றது பெரிய காரியம். 1994இல் செரங்கெட்டியில் இதே கிருமி அங்கிருந்த சிங்கங்களில் மூன்றில் ஒரு பங்கை, ஏறக்குறைய 1,000 சிங்கங்களை, கொண்டுபோயிருக்கிறது. அங்கேயும் வறட்சியும் உண்ணியும் சேர்ந்தபோதுதான் அது கொள்ளை நோயானது. செரங்கெட்டியில் அத்தனை செத்தும் ஆப்பிரிக்காவில் வேறு இடங்களிலும் சிங்கம் இருந்தது. ஆசியச் சிங்கத்துக்குக் காட்டில் சௌராஷ்டிரத்தை விட்டால் உலகில் வேறு ஊர் கிடையாது.

இங்கேதான் நாடோடி ஆண் எனக்கு இரண்டு முகம் காட்டுகிறான். எல்லைக்குள் நிற்கும் சிங்கம் தன் நோயைத் தன் கூட்டத்துக்குக் கொடுக்கும். அலைகிறவன் ஊரோரத்துச் செத்த மாட்டைத் தெருநாயோடு பங்கிட்டுத் தின்றுவிட்டு 40 கிலோமீட்டர் தள்ளி இன்னொரு கூட்டத்தின் எல்லையில் போய் நிற்பான். அவன் உடம்பு சரியாக இருக்கிறதா என்று பார்ப்பது அவனுக்காக மட்டும் செய்யும் உபகாரம் இல்லை. அதே நேரத்தில், இந்த இனம் வேலியைத் தாண்டி விரிந்திருக்கிறது என்றால் அதுவும் அவன் கால் நடந்து கொடுத்தது.

1968 கணக்கில் கிரில் 177 சிங்கங்கள். 2015இல் 523. 2025 மே மாதக் கணக்கில் 891; அதில் வளர்ந்த ஆண் 196, வளர்ந்த பெண் 330. இவற்றில் பாதிக்கு மேல் கிர் சரணாலயத்துக்கு வெளியே, 11 மாவட்டங்களில், வயலிலும் தோப்பிலும் கடற்கரைப் புதரிலும் வாழ்கின்றன. எண்ணிக்கை வளர்ந்தது உண்மையான சாதனை. ஜூனாகத் நவாப் காலத்தில் வேட்டையைத் தடுத்ததில் தொடங்கி, எருமையைச் சிங்கத்துக்கு இழந்தும் விஷம் வைக்காத மால்தாரிகள் வரை பலருக்கு அதில் பங்கு உண்டு. ஆனால் எண்ணிக்கையை மட்டும் வைத்துக்கொண்டு நிம்மதி கொள்ள என்னால் முடியவில்லை. 2013 ஏப்ரல் 15 அன்று உச்ச நீதிமன்றம் சில சிங்கங்களை மத்தியப் பிரதேசத்தின் குனோவுக்கு ஆறு மாதத்தில் கொண்டுபோகச் சொன்னது. இன்றுவரை ஒரு சிங்கம் போகவில்லை. 2022 செப்டம்பரில் குனோவில் இறங்கியது நமீபியச் சிவிங்கிப்புலி. ஒரே கூடையில் எல்லா முட்டையையும் வைக்கும் வீடு எங்கள் ஊரில் கிடையாது. அடைகாக்க வைக்கும் பாட்டிகூட இரண்டு கோழிக்குப் பிரித்து வைப்பாள்.

தனியாள் ஒருவனால் என்ன செய்ய முடியும் என்பதற்கு பர்டா சாட்சி. கிரிலிருந்து மேற்கே ஏறக்குறைய 100 கிலோமீட்டரில், போர்பந்தர் பக்கத்தில் உள்ள குன்றுக் காடு அது. 1879க்குப் பிறகு அங்கே சிங்கம் கிடையாது. 2023 ஜனவரியில் மூன்றரை வயது ஆண் ஒன்று, யாரும் கொண்டுபோய் விடாமல், கடலோரமாக நடந்து நடந்து அங்கே போய்ச் சேர்ந்தது. 2025 கணக்கில் பர்டாவில் 17 சிங்கங்கள், பெரும்பாலும் குட்டிகள். அந்த ஆண் வழியில் ஒரு கிணற்றில் விழுந்திருந்தால் இந்தக் கணக்கு இல்லை.

கிணறு சும்மா சொன்னதில்லை. மூன்றாம் நாள் சாசணை விட்டு வெளியே வந்து, தாலாலா பக்கத்தில் கேசர் மாந்தோப்பு ஒன்றில் தங்கினோம். தோப்பு நடுவே கிணறு. தரையோடு தரையாக வாயைத் திறந்துகொண்டு கிடக்கும் எங்கள் பக்கத்துப் பழைய கிணறு போலவே அதுவும் இருந்ததாம். இப்போது நெஞ்சளவு சுவர் எழுப்பியிருக்கிறார்கள். சௌராஷ்டிரத்தில் ஆயிரக்கணக்கான கிணறுகளுக்கு வனத்துறையும் ஊராரும் சேர்ந்து இப்படிச் சுவர் கட்டியிருக்கிறார்கள். தோப்புக்காரருக்குச் சிங்கம் வருவதில் வருத்தமில்லை. நீலமானும் காட்டுப்பன்றியும் பயிரை அழிக்காமல் அது பார்த்துக்கொள்கிறது என்றார். கிணற்றுக்குப் பக்கத்தில் மாடுகளுக்கு ஒரு தண்ணீர்த் தொட்டி. ரயில் பாதைக்கு மட்டும் இன்னும் சுவர் இல்லை. பிபாவாவ் துறைமுகத்துக்குப் போகும் சரக்கு ரயிலில் அடிபட்ட சிங்கங்களைப் பற்றி அவர் பேசும்போது குரல் இறங்கியது.

அன்று இரவு திண்ணையில் உட்கார்ந்திருந்தோம். 10 மணி வாக்கில் வடக்கே ஆற்றுப் பக்கமிருந்து கர்ஜனை வந்தது. நெஞ்சுக்கூட்டுக்குள் அதிர்கிற சத்தம். ஒன்று முடிக்கும் முன் இன்னொன்று சேர்ந்துகொண்டது. இரண்டு பேர், எல்லைக்காரர்கள் என்றார் தோப்புக்காரர். மச்சான் எதிர்க்கரையிலிருந்து பதில் வருமென்று காத்திருந்தார். வரவில்லை.

வராது. எல்லை இல்லாத ஆண் கர்ஜிப்பதில்லை. செரங்கெட்டியில் ஒலிபெருக்கி வைத்துச் சோதித்துப் பார்த்த ஆய்வாளர்கள் கண்டது இது. கர்ஜனை என்பது ‘இங்கே இருக்கிறேன்’ என்ற அறிவிப்பு. நாடோடியால் அதைச் சொல்ல முடியாது, சொன்னால் இரண்டு பேர் வந்து நிற்பார்கள். பெரிய குரலை வயிற்றுக்குள் வைத்துக்கொண்டு வருஷக்கணக்கில் வாய் திறக்காமல் நடக்கிறான். மச்சானிடம் இதைச் சொன்னபோது நெடுநேரம் பேசாமல் இருந்தார். பிறகு, “வெளியூர்ல பொழைக்கப் போனவன் மாதிரி” என்றார். வளைகுடாவில் 11 வருடம் இருந்த அவருடைய தம்பியை நினைத்தாரா என்று நான் கேட்கவில்லை.

விடிந்ததும் தோப்புக்காரர் வந்து எழுப்பினார். தண்ணீர்த் தொட்டியைச் சுற்றி ஈரமண்ணில் தடம். நாங்கள் உட்கார்ந்திருந்த திண்ணைக்கும் தொட்டிக்கும் 60 அடி இருக்காது. இரவெல்லாம் நாங்கள் வடக்கே காதைக் கொடுத்திருந்தபோது தெற்கிலிருந்து ஒருவன் வந்து தண்ணீர் குடித்துவிட்டுப் போயிருக்கிறான்.

தகவல் போய், காட்டுக்குள் பார்த்த அதே கண்காணிப்பாளர் மோட்டார் சைக்கிளில் வந்தார். தடத்தை மிதிக்காமல் பக்கவாட்டிலேயே நடந்து, தொட்டியிலிருந்து வரப்பு வரை போய்த் திரும்பினார். கம்பை வைத்து முன்னங்கால் தடத்தின் அகலத்தைக் குறித்தார். இடது பின்னங்கால் தடத்தின் முன்னால் குந்தி உட்கார்ந்தார். மச்சானும் பக்கத்தில் உட்கார்ந்தார். ஒரு விரலின் திண்டு சற்று விலகிப் பதிந்திருந்தது. “அவன்தான்” என்றார். ஓடையிலிருந்து இங்கே வர மூன்று நாளில் இரண்டு ஆண்களின் எல்லையைக் கடந்திருக்கிறான்.

மச்சான் விரலை மண்ணில் படாமல் தடத்தின் மேலே வட்டமிட்டுக் காட்டி ஏதோ இந்தியில் கேட்டார். கண்காணிப்பாளர் சிரித்துத் தலையசைத்தார். எனக்காக மச்சான் தமிழில் சொன்னார்:

“கால ஊன்றிட்டான் மாப்ள. குதிகால் முழுசா பதிஞ்சிருக்கு, பாரு.”

கண்காணிப்பாளர் சட்டைப் பையிலிருந்து சின்ன நோட்டை எடுத்து, நேரம், இடம், ஒற்றை ஆண், இடது பின்னங்கால் என்று எழுதிக்கொண்டார். பிறகு தடம் போன திசையில், மாமரங்களுக்கு நடுவே நடக்கத் தொடங்கினார்.